டிராக்டருக்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர்: முதலில் கடிகாரமாக உதவட்டும்

ஆவடியை அடுத்த கோவில்பதாகை ஏரிக்கரையில் நின்று பார்த்தால் இரண்டு காலங்கள் ஒரே சமயத்தில் கண்ணில் படும். ஒரு பக்கம் மனைப் பிரிவுகளும் மாடி வீடுகளும் கரையை நெருங்கி வந்துவிட்டன. 2019-ல் ஆவடி மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மறுபக்கம் வெள்ளானூர், மோரை, பாண்டேஸ்வரம் என்று தள்ளிப் போகப் போக நெல் வயல்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நாற்று விடும் குடும்பங்களும் இருக்கின்றன.

இதே ஆவடியில்தான் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. 1960-களில் விஜயந்தா டாங்கி இங்கிருந்து வெளிவந்தது. அதன் அருகிலேயே உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது. அர்ஜுனின் பிந்திய வடிவத்தில், தடமே இல்லாத பாலைவனத்திலும் வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் வழிகாட்டிச் சாதனம் உண்டு. டாங்கிக்குப் பொருத்தப்பட்ட அந்த வித்தை இன்று டிராக்டருக்கும் அறுவடை யந்திரத்துக்கும் எட்டும் விலைக்கு இறங்கி வந்துள்ளது. ஒரு சிறு ரிசீவர், ஒரு கம்ப்யூட்டர் அல்லது பலகைக் கணினி, கூரையில் ஓர் ஆன்டெனா, இவ்வளவுதான் வேண்டும்.

இதைப் பொருத்தலாமா, வேண்டாமா என்பதே இன்று கேட்கப்படும் கேள்வி. பொருத்தலாம் என்பதே சரியான பதில். ஆனால் விற்பவர்கள் சொல்லும் வரிசையில் பொருத்தக் கூடாது. அவர்கள் 'டிராக்டர் தானே திரும்பும், டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம்' என்பதை முதலில் காட்டுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் சிறு விவசாயிக்கு அது கடைசித் தேவை. அவருக்கு முதல் தேவை, வாடகை வண்டி தம் வயலில் எத்தனை நிமிஷம் வேலை செய்தது என்ற நேர்மையான கணக்கு. அந்தக் கணக்கைக் கொடுக்க விலை குறைந்த கருவியே போதும்.

கருவி வேலை செய்யும் விதம்

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா அமைத்த செயற்கைக்கோள் ஏற்பாடு. முதல் கோள் 1978-ல் ஏவப்பட்டது. 1995-ல் அமைப்பு முழுமை பெற்றது. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள்கள் ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. 'இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது' என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி தரைக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, ரிசீவர் ஒவ்வொரு கோளும் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணக்கிடுகிறது. குறைந்தது நான்கு கோள்கள் தெரிந்தால் இடமும் உயரமும் நேரமும் கிடைத்துவிடும்.

ரேடியோ அலை ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 300 மீட்டர் பாய்கிறது. ஆகவே கடிகாரம் இம்மி பிசகினாலும் வண்டி பக்கத்து ஊரில் நிற்பதாகக் காட்டிவிடும். ஜி.பி.எஸ். அடிப்படையில் ஒரு கடிகார ஏற்பாடு. இடம் காட்டுவது அந்தக் கடிகாரத்திலிருந்து பிறந்த கணக்கு. விவசாயிகள் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கருவியை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொது மக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தது. அப்போது நூறு மீட்டர் வரைகூடத் தவறு வரும். அந்தக் கலப்பை நிறுத்திய பிறகே சாலை வாகனங்களில் இது பரவியது. இன்று சாதாரணக் கைபேசியோ, சிறு ரிசீவரோ திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் இடம் காட்டுகிறது.

ஏக்கருக்கு எத்தனை சென்ட் பிசகும்?

மூன்று மீட்டர்தானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. ஓர் ஏக்கர் சதுர வயலின் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். ஒரு பக்கத்து வரப்பு மூன்று மீட்டர் தள்ளிப் பதிவானால் 190 சதுர மீட்டர் கூடும் அல்லது குறையும். ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, பிசகு நாலரை சென்டுக்கு மேல் போகிறது. வயல் சிறியதானால் நிலைமை இன்னும் மோசம். 20 சென்ட் கழனியின் பக்கம் 28 மீட்டர் சொச்சம். அதே மூன்று மீட்டர் பிசகு இரண்டு சென்ட் வரை இழுத்துவிடும். அதாவது பத்தில் ஒரு பங்கு.

ஒரே மூச்சில் வயலைச் சுற்றி வந்தால் நான்கு பக்கமும் ஒரே திசையில் தள்ளிப் பதிவாவதால், பரப்பு இவ்வளவு கெடாமலும் போகலாம். ஆனால் வேப்ப மரமோ, மாடிக் கட்டடமோ வரப்போரத்தில் இருந்தால் மூலைக்கு மூலை பிசகு மாறும். கோவில்பதாகை போல வீடுகள் நெருங்கிவிட்ட இடங்களில், அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இத்தொல்லை அதிகம்.

பழைய நில அளவைக்காரர் பயன்படுத்திய சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கோவில்பதாகையிலிருந்து இருபது கிலோ மீட்டருக்குள் உள்ள பரங்கிமலையருகேதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் நூறு அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும் பணியைத் தொடங்கினார். அந்த மரபில் வந்த புலப்படங்கள் தாலுகா அலுவலகத்தில் உள்ளன. பட்டாவில் கண்ட பரப்பும் அதிலிருந்து வந்ததுதான். இந்தப் பக்கத்தில் பெரியவர்கள் இன்னும் காணிக் கணக்கும் சொல்வார்கள். 24 அடிச் சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு காணி. அது ஒரு ஏக்கர் 32 சென்ட்.

வயலின் பரப்பு பட்டத்துக்குப் பட்டம் மாறுவதில்லை. ஆகவே அதை ஒரே ஒரு முறை, நாடாவோ சங்கிலியோ போட்டு, புலப்படத்தோடு ஒத்துப் பார்த்து, வரப்பு நீங்கலாக எழுதி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். ஒவ்வொரு உழவுக்கும் கைபேசியை எடுத்துக்கொண்டு வயலைச் சுற்றி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண்ணைப் பெற்றுச் சண்டை போடுவது வீண் வேலை.

சண்டை நேரத்தில்தான்

வாடகை வண்டிக்கு இரண்டு விதமாகக் கூலி பேசுகிறார்கள். ஏக்கர் கணக்கு ஒன்று, மணிக் கணக்கு மற்றொன்று. அறுவடை யந்திரத்துக்குப் பெரும்பாலும் மணிக் கணக்குத்தான். தகராறு வருவதும் அதில்தான். வண்டி வயலில் இறங்கியது முதல் கணக்கா, முந்திய வயலை விட்டுக் கிளம்பியது முதலா? சேற்றில் சிக்கி நின்ற அரைமணி யார் தலையில்? டிரைவர் சாப்பிடப் போன நேரம் சேருமா? நெல்லைக் கொட்ட வந்த டிராக்டர் தாமதித்ததால் யந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருந்ததே, அது என்ன கணக்கு?

வண்டியிலேயே மணி மீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது என்ஜின் ஓடிய நேரத்தைச் சொல்லும். என்ஜின் வயலில் ஓடியதா, சாலையில் ஓடியதா, மர நிழலில் நின்றபடி ஓடியதா என்பது அதற்குத் தெரியாது. வழிகாட்டிக் கருவிக்குத் தெரியும். எத்தனை மணிக்கு எந்த வரப்பைத் தாண்டியது, எங்கே நின்றது, எவ்வளவு வேகத்தில் நகர்ந்தது என்பதை விநாடிக்கு விநாடி எழுதி வைத்துவிடும்.

இங்கே அந்த மூன்று மீட்டர் பிசகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். வயலில் மணிக்கு ஐந்து கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி விநாடிக்கு 1.4 மீட்டர் நகரும். மூன்று மீட்டர் பிசகினால் வரப்பைத் தாண்டிய நேரம் இரண்டு விநாடி மாறும். அவ்வளவுதான். பரப்பளவில் நாலரை சென்ட் தவறு செய்யும் அதே கருவி, நேரத்தில் இரண்டு விநாடிதான் தவறுகிறது.

பணமாக்கிப் பார்த்தாலும் இதே முடிவுதான். உழவுக் கூலி ஏக்கருக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சென்ட் கூடுதலாகப் பதிவாவதால் 40 ரூபாய் நஷ்டம். அறுவடை யந்திரம் மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நிமிஷத்துக்கே 40 ரூபாய். அரைமணித் தகராறு 1,200 ரூபாய். 20 சென்ட் கழனிக்காரருக்கு அது சிறிய தொகை அல்ல.

இந்தக் கணக்கு விவசாயிக்கு மட்டும் சாதகம் என்று நினைப்பது தவறு. வெளி மாவட்டத்திலிருந்து யந்திரத்தோடு வரும் டிரைவரும் ஏமாறுகிறார். 'ஒன்றரை மணிதான் ஓட்டினாய்' என்று ஊர்க்காரர்கள் கூடி நின்று சொன்னால், மொழி பழகாத ஊரில் அவர் என்ன செய்வார்? இரு தரப்புக்கும் பொதுச் சாட்சியாக நிற்கக்கூடியது அந்தப் பதிவு.

பயணிகளை ஏற்றும் பஸ், டாக்சி போன்ற பொது வாகனங்கள் புதிதாகப் பதிவாகும்போது இடம் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்ற விதி 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பயணியின் பாதுகாப்புக்குச் செய்த ஏற்பாட்டை, விவசாயியின் கூலிக் கணக்குக்கும் விரிப்பதில் தவறில்லை. அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களையும் பிற யந்திரங்களையும் மணி வாடகைக்கு விடுகிறது. 2018-ல் வந்த 'உழவன்' செயலியும், பின்னர் வந்த 'இ-வாடகை' ஏற்பாடும் முன்பதிவுக்கு வழி செய்துள்ளன. முன்பதிவு கைபேசியில் நடக்கும்போது, வேலை முடிந்த கணக்கும் விவசாயியின் கைக்கு அதே வழியில் வரத்தானே வேண்டும்?

பொருத்தும் முறை

வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே பொருத்திக்கொள்ள முடியும். சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும்.

ஆன்டெனாவைக் கூரையின் நடுவில், நாலாபுறமும் வானம் தெரியும்படி வைக்க வேண்டும். சைலென்சர் குழாய்க்கு அருகிலோ, தகரத்துக்கு அடியிலோ வைத்தால் பயனில்லை. டிராக்டரானால் பின் அச்சுக்கு நேர் மேலே, இடம் வலம் சம தூரத்தில் இருப்பது நல்லது.

மின்சாரம் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எடுக்கலாம். ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் சட்டென்று விழும். அப்போது கம்ப்யூட்டர் அணைந்து, பதிவு அறுந்துவிடும். நடுவில் வோல்டேஜை நிலைநிறுத்தும் சாதனமும், வயர் தொடங்கும் இடத்திலேயே ஒரு ஃபியூசும் போட வேண்டும்.

பழைய மடிக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவோர், சுழலும் தட்டு உள்ள நினைவகத்தை வயலில் கொண்டுபோகக் கூடாது. அதிர்ச்சியில் அது சீக்கிரம் கெட்டுவிடும். சுழலாத நினைவகம் உள்ளதே ஏற்றது. திரை வெயிலில் தெரிய வேண்டும். தூசி, தண்ணீர் புகாத உறை வேண்டும்.

ரிசீவர் விநாடிக்கு ஒரு தடவை நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தெரியும் கோள்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு வரியாக அனுப்பும். கப்பல்களுக்காக வகுக்கப்பட்ட இந்த வாசக முறைதான் இன்றும் பொது வழக்கு. கம்ப்யூட்டர் அதைப் படிக்க, இரண்டிலும் ஒரே வேகம் குறித்திருக்க வேண்டும்; பழைய ரிசீவர்களில் அது 4,800. ரிசீவர் நன்றாயிருந்தும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், பெரும்பாலும் இந்த வேகமோ, இணைப்பு வாயிலின் எண்ணோ தவறாக இருக்கும். கருவியைக் குறை சொல்லுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

நேரத்திலும் ஒரு கண்ணி உண்டு. ரிசீவர் சொல்வது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். அதைச் சரி செய்யாவிட்டால், காலை 8 மணிக்கு வயலில் இறங்கிய வண்டி விடியற்காலை 2.30-க்கு இறங்கியதாகப் பதிவாகும். அப்படிப்பட்ட சீட்டை எந்த விவசாயியும் ஏற்கமாட்டார்.

கடைசியாகச் சோதனை. ஏற்கனவே நாடா போட்டு அளந்த ஒரு வயலைச் சுற்றி வந்து, கருவி என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று வெவ்வேறு நாள் பார்த்தால் கருவியின் குணம் தெரிந்துவிடும்.

தானே திரும்பும் டிராக்டர்

தானே திரும்பும் ஏற்பாட்டுக்கு மூன்று மீட்டர் துல்லியம் உதவாது. ஒன்பது கொழு கலப்பையின் அகலமே ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். சில நிமிஷத்துக்குள் ஓட்டும் இரண்டு சால்களுக்கு இடையே பிசகு குறைவாகவே இருக்கும் என்றாலும், நாள் முழுவதும் அதை நம்ப முடியாது. இடம் தெரிந்த ஓரிடத்தில் நிலையான ரிசீவர் ஒன்றை வைத்து, அது காணும் பிசகை ரேடியோ அல்லது கைபேசி வழியாக வண்டிக்குத் தெரிவித்தால் துல்லியம் சில சென்டி மீட்டருக்கு வந்துவிடும். இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நிலையங்களை அமைத்திருக்கிறது.

கனடா நாட்டின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் பிரையன் டிஷ்லர் என்ற விவசாயி, டிராக்டரைத் தானே திருப்பும் கம்ப்யூட்டர் நிரலை எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார். ஒரு பலகைக் கணினி, ஒரு நல்ல ரிசீவர், ஸ்டீயரிங்கைத் திருப்ப ஒரு சிறு மோட்டார், இவற்றைக் கொண்டு பல நாட்டு விவசாயிகள் தாங்களே பொருத்திக்கொள்கிறார்கள். கம்பெனிகள் கேட்கும் விலையில் சிறு பகுதிதான் செலவு. பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அவர்களுடைய வயல் கண்ணுக்கெட்டாத நீளம்.

20 சென்ட் கழனியில் 28 மீட்டர் ஓட்டம் இருபது விநாடியில் முடிந்துவிடும். கருவி நேர்கோட்டைப் பிடித்து நிலைக்குமுன் வரப்பு வந்துவிடும். இங்கே நேரம் போவது மூலை திருப்புவதில்தான். அதில் பழகிய டிரைவரின் கைக்கு ஈடு இல்லை.

ஏக்கர் கணக்கில் நீளமான வயலானால் லாபம் உண்டு. 64 மீட்டர் அகல வயலில் இரண்டு மீட்டர்க் கலப்பையால் 32 சால் போதும். ஒவ்வொரு சாலிலும் 20 சென்டி மீட்டர் மேலேறினால் 36 சால் ஆகிறது. சேற்றுழவில் முந்திய சால் தண்ணீருக்குள் மறைவதால் இது சாதாரணமாக நடக்கிறது. டீசல் எட்டில் ஒரு பங்கு வீண். கரும்பு, நிலக்கடலை, சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் தோட்டம் ஆகியவற்றில் வரிசை நேராக இருப்பதால் களையெடுப்பும் சுலபம். இத்தகைய நிலம் உள்ளவர்கள் கூட்டாக வாங்கலாம். நெல் மட்டும் பயிரிடும் சிறு விவசாயி அந்தப் பணத்தில் லேசர் கருவியால் வயலைச் சமன் செய்தால் தண்ணீரும் உரமும் மிச்சமாகும். லேசருக்குச் செயற்கைக்கோளே வேண்டாம்.

படத்தில் உள்ள வழி எல்லாம் வழியல்ல

வழிகாட்டிக் கருவியின் மற்றொரு வேலை சாலையில் வழி காட்டுவது. இங்கும் எச்சரிக்கை வேண்டும். கைபேசியில் உள்ள படங்கள் கார்களுக்காகவும் மோட்டார் சைக்கிள்களுக்காகவும் வரையப்பட்டவை. கிட்டத்து வழி என்று ஏரிக்கரையைக் காட்டினால் படம் பொய் சொல்லவில்லை. மோட்டார் சைக்கிள் போகத்தான் செய்யும். ஆனால் பல டன் எடையுள்ள அறுவடை யந்திரம் மழைக்குப் பிந்திய கரையில் ஏறினால் கரையின் கதி என்ன? மதகின் மேல் ஏறினால்? மனைப் பிரிவுப் படத்தில் முப்பதடிச் சாலை என்று இருப்பது, தரையில் பாசனக் கால்வாயாக இருக்கும். தாழ்ந்து தொங்கும் மின் கம்பியும் படத்தில் இருக்காது.

நகரம் விழுங்கும் ஊர்களில் இது பெரிய விஷயம். ஏரியும் வரத்துக் கால்வாயும் படத்தில் பெயரில்லாமல் போனால், நாளடைவில் தரையிலும் போய்விடும். 2004-ல் தொடங்கிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற பொதுப் படத்தில் எவரும் திருத்தம் செய்யலாம். ஊருக்கு இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து கால்வாய், மதகு, கனவண்டி போகக் கூடாத கரை, வண்டிப் பாதை ஆகியவற்றைக் குறித்துவிட்டால், வெளியூர் டிரைவருக்கும் உதவி, ஏரிக்கும் காவல்.

வானத்தை முழுவதும் நம்பலாமா?

அமெரிக்கக் கோள்களையே நம்பியிருக்கக் கூடாதென்று இந்தியா சொந்தமாக அமைத்ததுதான் 'நாவிக்'. 2013 ஜூலையில் முதல் கோளும், 2016 ஏப்ரலில் ஏழாவது கோளும் ஏவப்பட்டன. ஆனால் பல கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதாயின. 2023 மே மாதம் ஏவப்பட்ட புதிய தலைமுறைக் கோள் வெற்றி பெற்றது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அடுத்தது உரிய பாதையை அடையவில்லை. ஆகவே வாங்கும் ரிசீவர் நாவிக் மட்டுமன்றி அமெரிக்க, ரஷ்ய, ஐரோப்பியக் கோள்களையும் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

2024 மே 10-ம் தேதி சூரியனில் எழுந்த புயலால் அமெரிக்காவில் மக்காச்சோள விதைப்பு மும்முரத்தில் டிராக்டர்களின் வழிகாட்டிகள் தடுமாறின. துல்லியக் கருவியையே நம்பியிருந்தவர்கள் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். நேரான சால் ஓட்டத் தெரிந்த டிரைவரை எந்தக் காலத்திலும் இழந்துவிடக் கூடாது என்பதே இதன் பாடம்.

கணக்கு யாருக்குச் சொந்தம்?

வண்டியின் பதிவில் வாடகை மட்டும் இல்லை. யார் வயல், எப்போது அறுவடை, எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பல ஊர்ப் பதிவுகளைச் சேர்த்துப் பார்ப்பவருக்கு எந்தப் பக்கம் நெல் எப்போது வரும் என்பது வியாபாரிக்கும் முன்னதாகத் தெரிந்துவிடும். சில யந்திரங்களில் இப்பதிவு நேராகக் கம்பெனிக்குப் போகிறது. விவசாயிக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வருவதில்லை. கணக்கு ஒரு பக்கத்தார் கையில் மட்டும் இருந்தால் அது பழைய வட்டிக்கடை நோட்டைப் போன்றதுதான். தனி நபர் விவரப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டம் வந்துள்ளது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாதாட எந்தச் சிறு விவசாயிக்கும் அறுவடை நாளில் நேரமிருக்காது. வயலை விட்டு வண்டி ஏறுமுன் சீட்டு கைக்கு வந்தாக வேண்டும்.

'கையெழுத்துப் போடவே தயங்குகிறவருக்குக் கம்ப்யூட்டர்ச் சீட்டு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். பால் கூட்டுறவுச் சங்கத்தில் அளவும் கொழுப்பும் எழுதிய சீட்டை அவரே வாங்கி, அவரே தவறு கண்டுபிடிக்கிறார். வயலில் இறங்கிய மணி, ஏறிய மணி, நின்ற நிமிஷம் என்ற மூன்று எண்களை அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அவரை அறியாதவர்களின் பேச்சு.

செய்ய வேண்டியது

யந்திர வாடகை மையங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. மானியத்தில் வாங்கும் ஒவ்வொரு டிராக்டரிலும் அறுவடை யந்திரத்திலும் சாதாரண இடம் காட்டும் கருவி இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் தமிழில் சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். மானியத் தொகையோடு பார்க்கும்போது கருவியின் செலவு அற்பம். நின்ற நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை வண்டி வருமுன்பே பேசி முடிவு செய்யும் வழக்கமும் ஊரில் வர வேண்டும். ஏனெனில் கருவி, வண்டி நின்றது என்றுதான் சொல்லும். யாரால் நின்றது என்று சொல்லாது. திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் டிரைவர்களுக்கும் விவசாயிகளுக்கும் ஒன்றாக ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் கருவியைப் பற்றிய பயமும் தீரும், மயக்கமும் தீரும்.

சென்டி மீட்டர் துல்லியமும் தானே திரும்பும் ஸ்டீயரிங்கும் தேவைப்படுகிறவர்களுக்கு மெதுவாக வரட்டும். கோவில்பதாகைப் பக்கத்து விவசாயிக்கு நவரை அறுவடைக்கே கிடைக்கக்கூடியது அந்தச் சீட்டுத்தான். அதை முதலில் கொடுத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.